மழையை அளக்கப் போன பேத்தி

போன மாதம் நம் சங்கக் கூட்டத்தில் ஒரு நண்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என் பெண்ணை வேளாண்மைப் படிப்பில் சேர்த்திருக்கிறேன் சார். இரண்டு மாதம் வானிலை நிலையத்தில் பயிற்சி என்கிறாள். தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுவதற்கு ஒரு பயிற்சியா?" என்று கேட்டார். அங்கேயே நின்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். கையிலிருந்த காபி ஆறியதுதான் மிச்சம், பதில் முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

நான் வேளாண்மை படித்தவன் அல்ல. சிவில் டிப்ளமா முடித்து 1979-ல் ரயில்வேயில் அப்ரண்டீஸாகச் சேர்ந்து, தண்டவாளத்தோடும் பாலங்களோடும் காலம் தள்ளி 2018-ல் ஓய்வு பெற்றவன். எனக்கு இந்த விஷயம் தெரிய வந்ததற்குக் காரணம் என் அண்ணன் பேத்தி. கோவையில் வேளாண்மை படித்துக்கொண்டிருந்தவள், 2022 அக்டோபரில் இரண்டு மாதப் பயிற்சிக்காகப் புனே வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். திராட்சை விவசாயிகளுக்காகப் புனே, நாசிக் மாவட்டங்களில் தானியங்கி வானிலை நிலையங்களை நடத்தும் ஓர் அமைப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

வந்த இரண்டாம் நாளே, "சின்னத் தாத்தா, எனக்கு மராத்தி ஒரு வார்த்தை தெரியாது. கிராமத்துக்குப் போனால் என்ன செய்வேன்?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். முப்பது வருஷமாக இந்த ஊரில் கேங்மேன்களோடு பேசிப் பழகிய மராத்தி என்னிடம் சும்மாதானே கிடக்கிறது? "நான் வருகிறேன்" என்றேன். இப்படியாக, அறுபத்து நாலு வயதில் நானும் சம்பளமில்லாத அப்ரண்டீஸ் ஆனேன்!

பாலக்காட்டுக்காரர் போட்ட பாதை

முதல் வாரம் அவளை விவசாயக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் வேளாண் வானிலை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். சிவாஜிநகர் வழியாக எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அந்த வேலிக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928-ல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாறியது. அந்தக் கட்டடத்தை இன்றைக்கும் 'சிம்லா ஆபீஸ்' என்றே சொல்கிறார்கள். 1932-ல் இங்கே வேளாண் வானிலைப் பிரிவு ஆரம்பமானது. அதை முன்னின்று நடத்தியவர் எல்.ஏ. ராமதாஸ். அன்றைய மதராஸ் ராஜதானியில் இருந்த பாலக்காட்டில் பிறந்தவர், கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். வேளாண் வானிலையியலின் இந்தியத் தந்தை என்று இவரைச் சொல்கிறார்கள்.

இவரைப் பற்றிய ஒரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. தெளிந்த இரவில் தரைதான் மிகவும் குளிர்ந்திருக்கும், மேலே போகப் போகச் சூடு கூடும் என்பதுதான் எல்லோரும் ஒப்புக்கொண்ட பாடம். ராமதாசும் ஆத்மநாதனும் அளந்து பார்த்தபோது வேறு மாதிரி வந்தது. தரைக்குச் சில பத்து சென்டிமீட்டர் மேலே உள்ள காற்றுதான் தரையைவிடக் குளிர்ந்திருந்தது. 1932-ல் இதை வெளியிட்டார்கள். "அளந்ததில் ஏதோ பிழை" என்று பலர் நெடுநாள் நம்பவில்லை. பிற்பாடு மற்றவர்களும் அளந்து உறுதி செய்தார்கள். 1993-ல் பெங்களூரைச் சேர்ந்த ரோத்தம் நரசிம்மாவும் அவர் சகாக்களும் அதற்குக் கணக்கு வழியில் விளக்கம் கொடுத்தார்கள். இன்று அதற்கு 'ராமதாஸ் அடுக்கு' என்றே பெயர்.

அந்த வேலிக்குள் பார்த்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் வெள்ளை அடித்த சாளரப் பெட்டி, அதற்குள் நான்கு வெப்பமானிகள். மண்ணுக்குள் 5, 10, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று வெப்பமானிகள். ஆவியாகும் தண்ணீரை அளக்க நாலடி அகலத்தில் ஒரு தொட்டி. அதன் மேல் கம்பி வலை போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "இல்லாவிட்டால் காக்கை குடித்த தண்ணீரையும் ஆவி என்று எழுத வேண்டி வரும்" என்றார் அங்கிருந்தவர். வெயில் எத்தனை மணி நேரம் அடித்தது என்று காட்ட ஒரு கண்ணாடிக் குண்டு. சூரிய ஒளியைக் குவித்து, கீழே வைத்த அட்டையில் கோடாகச் சுட்டுக்கொண்டே போகிறது.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. இங்கே காலை 7 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் அளவு எடுக்கிறார்கள், ஆனால் நம் கைக்கடிகார மணி அல்ல, அந்தந்த ஊரின் சூரிய மணி. புனேயில் அது நம் கடிகாரத்துக்கு ஏறக்குறைய 35 நிமிஷம் பின்தங்கியது. பயிர் சூரியனைப் பார்த்துத்தானே எழுகிறது! 1906-ல் இந்திய நேரம் வருமுன் நம் நாட்டு ரயில்கள் பெரும்பாலும் மதராஸ் நேரத்தில் ஓடின என்று பேத்தியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

பயிற்சியில் என்ன வேலை?

அவளைச் சேர்த்துக்கொண்ட அமைப்பின் நிலையங்கள் இவ்வளவு பெரியவை அல்ல. தோட்டத்து ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பம், உச்சியில் காற்றுமானி, தட்டுகளை அடுக்கியது போன்ற வெள்ளைக் கூட்டுக்குள் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் கருவி, இலை நனைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு பட்டை, மழைமானி, சூரிய மின்தகடு. செல்போனில் இருப்பது போல ஒரு சிம் கார்டு எல்லா அளவுகளையும் புனேக்கு அனுப்பிவிடும். பேத்தியின் வேலை, பதினொரு நிலையங்களின் அளவுகளை வாரா வாரம் அட்டவணை போட்டுக் கொடுப்பது, பராமரிப்புக்குப் போகும் பையனோடு தோட்டங்களுக்குப் போய்வருவது, விவசாயிகள் சொல்வதை எழுதிக்கொண்டு வருவது.

இதெல்லாம் யாருக்கு என்று கேட்கலாம். இங்கே திராட்சைக்குப் பழக் கவாத்து செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடக்கிறது. துளிர் விட்டுப் பூங்கொத்து வெளிவரும் நேரத்தில் மழை பெய்து இலை நனைந்தே இருந்தால் அடிச்சாம்பல் நோய் பிடித்துக்கொள்ளும். இங்குள்ளவர்கள் அதை 'டாவுனி' என்கிறார்கள். கொத்தில் பிடித்தால் கொத்து பழுப்பாகிச் சுருண்டுவிடும், அந்த வருஷத்துப் பலன் அங்கேயே போயிற்று. நோய் பிடிக்கும் முன் மருந்து தெளித்தால்தான் முழுப் பயன். ஒவ்வொரு மேகத்துக்கும் தெளித்தால் கை காலி, பழத்திலும் விஷம் ஏறும், ஏற்றுமதியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தெளிக்கலாமா, பொறுக்கலாமா என்ற அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் கம்பமும் கருவியும். இந்த அமைப்பின் கணக்கில், மழை 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் விவசாயியின் போனுக்கு எச்சரிக்கை போகும்.

மழைமானிக்குள் இருப்பது எளிய ஏற்பாடு. புனலில் விழும் தண்ணீர், கீழே ஏற்றப்பலகை போல ஆடும் இரண்டு சின்னக் கிண்ணங்களில் ஒன்றில் விழும். 0.2 மில்லிமீட்டர் மழைக்கான தண்ணீர் சேர்ந்ததும் கிண்ணம் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். சாய்ந்த தடவைகளை எண்ணினால் மழை அளவு. ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர், ஏக்கருக்கு நாலாயிரம் லிட்டருக்குச் சற்று மேல்.

பாதி ராத்திரியில் நிற்காத மழை

அந்த அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய வாரம் புனேயை மழை புரட்டி எடுத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஜுன்னர் தாலுக்காவிலும் ஓர் இரவு நல்ல மழை. மறுநாள் அட்டவணை போட்ட பேத்தி, "சின்னத் தாத்தா, சுற்றியுள்ள மூன்று நிலையங்களில் 46, 51, 48. நடுவில் இருக்கும் இந்த ஒன்றில் மட்டும் 22. இப்படிப் பெய்யுமா?" என்று கேட்டாள்.

பெய்யலாம். ஒரு தெருவில் மழை, அடுத்த தெருவில் வெயில் என்று நாமே பார்த்திருக்கிறோம். ஆகவே மொத்தத்தை விட்டுவிட்டு, கிண்ணம் எந்தெந்த நிமிஷத்தில் சாய்ந்தது என்ற பட்டியலைக் கேட்டேன். பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மற்ற மூன்றிலும் இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி, வலுத்து, தணிந்து, பதினொன்றரைக்கு நின்றிருக்கிறது. இதில் மட்டும் ஒன்பதரையிலிருந்து விடிகாலை ஆறரை வரை ஏறக்குறைய ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஒரே சீராகக் கிண்ணம் சாய்ந்துகொண்டே இருந்திருக்கிறது! எந்த மழை அம்மா இப்படி மணியடித்தாற்போல் பெய்யும்? புனலின் கழுத்து அடைத்திருக்கிறது. கொட்டிய மழையில் பாதி விளிம்பு வழியாக வெளியே போய்விட்டது. தேங்கியது இரவெல்லாம் சொட்டியிருக்கிறது. 26 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கணக்கில் வரவில்லை.

அவளுடைய மேலாளரிடம் சொன்னாள். "உன் வேலை அட்டவணை. பராமரிப்பு வேறு ஆளுடைய பொறுப்பு" என்று பதில் வந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல, தலைக்கு மேல் வேலை. ஆனாலும் குழந்தை முகம் வாடிவிட்டது.

பெயிண்ட் டப்பா

தீபாவளி கழிந்ததும் அந்த நிலையத்துக்குப் போகும் முறை வந்தது. எஸ்.டி. பஸ்ஸில் நாராயண்காவ், அங்கிருந்து பராமரிப்புப் பையன் ஏற்பாடு செய்த ஜீப். பாவம், அறுபது நிலையங்களுக்கு அவன் ஒருவன்தான்.

தோட்டக்காரர் ஐம்பது வயதுக்காரர். டீ கொடுத்தார், ஆனால் கம்பத்தின் பக்கமே திரும்பவில்லை. பேத்தி சொல்லிக் கொடுத்தபடி நான் மராத்தியில் கேட்டேன். அவர் எங்களைக் கொடிப் பந்தலுக்குள் அழைத்துப்போய்ப் பூங்கொத்துகளைக் காட்டினார். அரை ஏக்கர் அளவுக்குப் பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது. அக்டோபர் முதல் வாரத்தில் பெய்த ஒரு மழைக்கு அவர் போனில் வந்தது '6 மில்லிமீட்டர், அபாயம் குறைவு' என்ற செய்தி. மருந்து கலக்க எடுத்த டிரம்மைத் திருப்பி வைத்துவிட்டாராம். "ஆஜோபா, என் கண் தண்ணீரைப் பார்த்தது. ஆனாலும் மெஷினை நம்பினேன்" என்றார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பேத்திக்குப் புரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தன் வழியில் அளக்க ஆரம்பித்திருக்கிறார். முற்றத்தில் திறந்தவெளியில், பக்கங்கள் நேராக இருக்கும் காலி பெயிண்ட் டப்பா ஒன்று, பக்கத்தில் பையனின் பள்ளிக்கூட ஸ்கேல். தீபாவளிக்கு முந்தைய அந்த இரவு மழைக்கு அவர் காலண்டரில் எழுதி வைத்திருந்தது 49. நம் கருவி சொன்னது 22!

மழைமானியைத் திறந்தோம். புனலின் கழுத்தில் பறவை எச்சம், காய்ந்த இலைச் சருகு, குளவி கட்டிய மண். சுத்தம் செய்து, அரை லிட்டர் தண்ணீரை அளந்து மெல்ல ஊற்றி எண்ணச் சொன்னேன். 20 சென்டிமீட்டர் வாய் உள்ள புனலுக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 80 தடவை சாய வேண்டும். 78 வந்தது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை, பார்க்க ஆள் வராததுதான் குறை.

நான் போட்ட ஒரு கையெழுத்து

திரும்பும் வழியில் பஸ்ஸில் பேத்தி கேட்டாள்: "இதை அறிக்கையில் எழுதினால் சர்ட்டிபிகேட்டில் கை வைப்பார்களா?"

அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். ரயில்வேயில் வானிலை எங்களுக்கு வேடிக்கை அல்ல. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் ஒரு பாசஞ்சர் ரயிலே கடலோடு போனது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை விடமாட்டார்கள். வெயிலில் தண்டவாளத்தின் சூட்டை அளப்போம், மழைக்காலத்தில் பாலத்தடியில் வெள்ள மட்டத்தை எழுதி வைப்போம். 1980-களில், நான் இளம் இன்ஸ்பெக்டராக இருந்தபோது, ஒரு பாலத்தின் மட்டப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒரு வாரத்து அளவுகளும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தன. காவலர் ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிவிட்டார் என்று பார்த்தவுடன் தெரிந்தது. மறுநாள் மேலதிகாரியின் ஆய்வு. கேள்வி கேட்டால் ரகளை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் ராத்திரி மேட்டில் பெய்த மழைக்குத் தண்ணீர் அபாயக் குறியைத் தொட்டது. வேறொரு பாலத்தை முடித்துக்கொண்டு தற்செயலாக அந்தப் பக்கம் வந்த ரோந்துக்காரர் பார்த்துவிட்டு, தண்டவாளத்தில் பட்டாசு வைத்து, சிவப்பு விளக்குக் காட்டி ஒரு கூட்ஸ் வண்டியை நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பஸ்ஸில் ஒரு இருபத்தொரு வயதுப் பெண்ணிடம்தான் முதல்முறையாகச் சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் உட்கார்ந்து எழுதினாள். யார் மேலும் குற்றம் சொல்லாமல், நிமிஷப் பட்டியல், அக்கம்பக்கத்து மூன்று நிலையங்களின் அளவு, டப்பா அளவு, அரை லிட்டர் சோதனை, கடைசியில் அந்த அரை ஏக்கர் என எல்லாவற்றையும் வரிசையாக நான்கு பக்கம் எழுதினாள். கடைசியில் ஒரு யோசனையும் சொல்லியிருந்தாள்: ஒவ்வொரு நிலையத்தின் அருகிலும் கையால் அளக்கும் சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, தோட்டக்காரரையே காலை எட்டரைக்கு அளவு சொல்லச் சொல்லலாம், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்றே ஆளை அனுப்பலாம்.

நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் மேலாளர் கூப்பிட்டு, பதினொரு நிலையங்களின் நிமிஷப் பட்டியலையும் இதே மாதிரி பார்க்கச் சொன்னார். இன்னும் இரண்டில் இதே அடைப்பு இருந்தது. அந்த நிலையங்களின் அக்டோபர் மாத மழை அளவுகளைச் 'சந்தேகத்துக்குரியவை' என்று குறித்தார்கள். அந்தந்த விவசாயிகளுக்கு, கொடுத்த அளவு தவறு என்று செய்தியும் அனுப்பினார்கள். நவம்பர் கடைசியில் அவள் ஊருக்குக் கிளம்பியபோது சர்ட்டிபிகேட் ஒழுங்காகக் கைக்கு வந்தது. யோசனைப்படி முதலில் ஐந்து இடங்களில் கைமானி வைத்தார்கள். ஆனால் அந்த அரை ஏக்கர் போனது போனதுதான். அதற்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

நண்பரின் கேள்விக்கு

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் தானியங்கி நிலையங்களை வைத்திருக்கிறது. நாடு முழுவதும் வேளாண் வானிலைப் பிரிவுகள் செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் விவசாயிகளுக்கு அறிக்கை தருகின்றன. மாவட்ட அளவில் 2018 முதல் தொடங்கிய 199 பிரிவுகளை 2024-ல் மூடிவிட்டார்கள் என்பது வருத்தமான செய்தி. ஆட்கள் குறையக் குறைய, இருக்கும் கருவிகளைக் கண்ணால் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் அதிகம் தேவைப்படுவார்கள். ஆகவே பெண்ணை அனுப்புங்கள் சார்.

அனுப்பும்போது சில விஷயங்கள். நல்ல ரெயின்கோட்டும், சேற்றில் நடக்கத் தகுந்த செருப்பும் வாங்கிக் கொடுங்கள். அந்த ஊர் மொழியில் 'மழை', 'எப்போது', 'எவ்வளவு' என்ற மூன்று வார்த்தைகளையாவது முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். கம்ப்யூட்டரில் வரும் மொத்தத்தோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் பட்டியலையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றைக்கு எழுதச் சொல்லுங்கள், ஒரு வாரத்தை ஒரே பேனாவில் எழுதவேண்டாம். புனே பக்கம் யார் வீட்டுப் பிள்ளை வந்தாலும், மராத்தி பேச ஒரு தாத்தா வேண்டுமென்றால் சங்கத்தில் சொல்லிவிடுங்கள், வருகிறேன்.

பேத்தி இப்போது மேற்படிப்பில் இருக்கிறாள். ஜுன்னர்க்காரர் நிலையத்துப் பக்கத்தில் வைத்த கைமானியையும் பார்க்கிறார், பெயிண்ட் டப்பாவையும் எடுக்கவில்லை. மழை பெய்த மறுநாள் காலை எட்டரை தாண்டியதும் என் போனில் ஒரு செய்தி வரும். "ஆஜோபா, 12." சில நாள் இரண்டு எண்கள் இருக்கும், டப்பாவில் 12, மானியில் 11 என்று. நான் அதை அப்படியே கோவைக்கு அனுப்பிவிட்டுத்தான் இரண்டாவது காபி குடிக்கிறேன்.